தலைமையகம் எல்லைக்கு வெளியே!

போலந்தின் போஸ்னான் நகரில், யெஜிட்சே வட்டாரத்தில், யாட்ஸ்கோவ்ஸ்கி தெருவில் ஒரு மாவட்ட அலுவலகம் இருக்கிறது. புது வண்டிக்கு நம்பர் வாங்க, ஓட்டுநர் உரிமம் எடுக்க, வீடு கட்ட அனுமதி கேட்க, நிலத்தின் அளவைப்படம் பெற என்று சுற்றுவட்டார மக்கள் இங்கே வந்து காத்திருக்கிறார்கள். அதே தெருவில் குடியிருக்கும் ஒருவர் புது கார் வாங்கினால், நாலு எட்டு நடந்துவந்து இங்கே பதிவு செய்துகொள்ள முடியாது. அவர் போகவேண்டியது மாநகராட்சி அலுவலகத்துக்கு. ஏனென்றால், 'போஸ்னான் மாவட்டம்' என்று பலகை மாட்டியிருக்கும் அந்தக் கட்டடம் போஸ்னான் மாவட்டத்தில் இல்லை.

வரைபடத்தை விரித்தால் விஷயம் புரிந்துவிடும். மெதுவடை மாதிரி ஒரு மாவட்டம். நடுவில் இருக்கும் ஓட்டை, போஸ்னான் மாநகரம். மாநகரத்தின் பரப்பு 262 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றியிருக்கும் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1,900. மாநகரத்துக்குத் தனி மாவட்ட அந்தஸ்து உண்டு. அது தனக்குத்தானே ஒரு மாவட்டம். வளையத்தில் 17 உள்ளாட்சிகள். 'க்மினா' என்று பெயர். லூபோன், பூஷ்சிகோவோ இரண்டும் முழு நகரங்கள். எட்டு க்மினாக்கள் நகரமும் கிராமமும் கலந்தவை. மீதி ஏழும் முழுக்கக் கிராமம், சட்டப்படி. அந்தச் சட்டப்படியான கிராமங்களில் ஒன்றான கோஜெக்வோவியில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வரிசை கட்டி நிற்கின்றன. 10 ஆயிரம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள்.

போஸ்னானுக்கு வருகிறவர்கள் பழைய சந்தைச் சதுக்கத்துக்குப் போவார்கள். நண்பகலில் நகர மண்டபக் கடிகாரத்துக்கு மேலே இரண்டு ஆட்டுக்கிடா பொம்மைகள் வெளியே வந்து முட்டிக்கொள்ளும். அதை அண்ணாந்து பார்ப்பார்கள். சர்வதேசப் பொருட்காட்சி நடந்தால் அங்கே போவார்கள். ரயில் ஏறித் திரும்பிவிடுவார்கள். வளையத்தை யாரும் பார்ப்பதில்லை. இருபது வருடங்களாகக் கதை நடப்பதென்னவோ அங்கேதான்.

1990 வாக்கில் போஸ்னான் நகரத்தில் சுமார் 5.9 லட்சம் பேர் இருந்தார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 5.46 லட்சமாக இறங்கிவிட்டது. சுற்றியிருக்கும் மாவட்டத்தில் 2006-இல் 2.87 லட்சம் பேர். இன்று 4 லட்சத்தைத் தாண்டியாயிற்று. ஓட்டை மெலிகிறது, வளையம் பெருக்கிறது. வண்டி நம்பரிலேயே இது தெரியும். மாவட்டத்து வண்டிகளின் பலகை 'பி, இசட்' என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கியது. வண்டிகள் பெருகி அந்த வரிசை போதாமல் போகவே, இப்போது 'பி, ஓ, இசட்' என்று மூன்று எழுத்து. காலையில் நகரத்துக்குள் நுழையும் எந்தச் சாலையில் நின்று பார்த்தாலும் இந்த எழுத்துகள்தான் வரிசையில் ஊர்ந்துகொண்டிருக்கும்.

இப்படியொரு விநோத மாவட்டத்தை வரைந்தது யார்? 1975-இல் எட்வர்ட் கியெரெக்கின் கம்யூனிஸ்ட் ஆட்சி, போலந்தில் மாவட்டம் என்ற அடுக்கையே ஒழித்துவிட்டு மாகாணங்களை 49 ஆகப் பெருக்கியது. மாகாணம் சின்னதானால் மத்திய ஆட்சியின் பிடி இறுகும் என்ற கணக்கு. 1999 ஜனவரி 1-ஆம் தேதி அது தலைகீழானது. மாகாணங்கள் 16 ஆகக் குறைந்தன. மாவட்டங்கள் திரும்ப வந்தன. பெரிய நகரங்கள் எல்லாம் தனி மாவட்ட உரிமை பெற்றுக்கொண்டு ஒதுங்கின. அவற்றைச் சுற்றி மிஞ்சிய ஊர்களை ஒரு கட்டாகக் கட்டி இன்னொரு மாவட்டம் ஆக்கினார்கள். தலைமையகம் வைக்கப் பொதுவான ஊர் எது? எந்த மூலையிலிருந்தும் எல்லோரும் சுலபமாக வந்துசேரும் ஒரே இடம் நடுவில் இருக்கும் நகரம்தான். அதனால் அலுவலகம் அங்கேயே தங்கிவிட்டது.

குடிப்பதும் இங்கே, கழிப்பதும் இங்கே

வார்ட்டா ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. வளையத்துக்குள் நுழைந்து, நகரத்தைக் கடந்து, மறுபடி வளையத்தில் புகுந்து வெளியேறுகிறது. நகரத்துக்கும் மாவட்டத்துக்கும் என்ன உறவு என்று தெரிந்துகொள்ள, இந்த ஆற்றோடு போனாலே போதும்.

தெற்கே மோஷினா. அதற்குப் பக்கத்தில் கிராய்கோவோ என்ற சிற்றூர். போஸ்னான் குழாய்களில் வரும் தண்ணீரில் பெரும்பகுதி இங்கிருந்து போகிறது. பெரும்பாலும் ஆற்றில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவதில்லை. கரையை ஒட்டி வரிசையாகக் கிணறுகள். கிணற்றிலிருந்து நீர் இறைக்க இறைக்க, ஆற்று நீர் மணலுக்குள் கசிந்து கிணற்றை நோக்கி நகர்கிறது. வாரக்கணக்கில் ஆகும் அந்தப் பயணத்தில் மணலே வடிகட்டியாக வேலை செய்கிறது. பிறகு மோஷினா சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றூட்டி, இரும்பையும் மாங்கனீசையும் பிரித்தெடுத்து நகரத்துக்கு அனுப்புகிறார்கள். நகரத்தான் காலையில் காபி போடும் தண்ணீர், மாவட்டத்து மணலில் பல வாரம் நடந்து வந்தது. அந்த மணலுக்கு மேலே எதைக் கட்டலாம், எந்த உரத்தைப் போடலாம் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடு உண்டு. கட்டுப்பாட்டைச் சுமப்பது மோஷினாக்காரர்.

இப்போது வடக்கே வாருங்கள். நகர எல்லையைத் தாண்டியதும் ஆற்றின் வலது கரையில் செர்வோனாக் க்மினா. கோஜெக்வோவி இங்கேதான் இருக்கிறது; போஸ்னானின் மத்தியக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் இங்கேதான். பொறியியல்படி சரியான இடம். தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். சாக்கடையைச் சுத்தம் செய்து நகரத்துக்குக் கீழே ஆற்றில் விடவேண்டும். கசடிலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரமும் தயாரிக்கிறார்கள். எல்லாம் நியாயம். ஆனால் பல வருடங்களாக கோடைக்காலத்தில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்று புகார் சொல்வது கோஜெக்வோவி அடுக்குமாடிக்காரர்கள். துர்நாற்றத்தை மூடிவைக்கக் கூரை போட்டார்கள், காற்று வடிகட்டி வைத்தார்கள். புகார் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

குப்பை? அது வடமேற்கே. போஸ்னானின் குப்பைமேடு சூஹி லாஸில். சூஹி லாஸ் மாவட்டத்தின் பணக்கார க்மினாக்களில் ஒன்று; வசதியானவர்கள் தோட்டத்தோடு வீடு கட்டிக்கொண்டு போகும் இடம். அதே க்மினாவின் நிலத்தில் பாதியளவை பியெட்ரூஸ்கோ ராணுவப் பயிற்சி மைதானம் அடைத்துக்கொண்டிருக்கிறது. யெஜி ஹாஃப்மன் இயக்கிய 'நெருப்பாலும் வாளாலும்' படத்தின் பிரம்மாண்ட முற்றுகைக் காட்சிகளைப் படமாக்கியது அந்த மைதானத்தில்தான். பங்களா, குப்பை, பீரங்கி மூன்றையும் ஒரே க்மினாவில் அடுக்கிவைத்த பெருமை வேறு எந்த ஊருக்கும் கிடைத்திருக்காது.

நீர் வழங்கும் நிறுவனத்தில் நகரத்தோடு சுற்றுவட்டார க்மினாக்களுக்கும் பங்கு உண்டு. அதே குழாய் தண்ணீரை அவர்களும் குடிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆக, இது சுரண்டல் கதை என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. ஆனால் தன் கண்ணில் படக்கூடாதவற்றை நகரம் வளையத்தில் கொண்டுபோய் வைக்கும் பழக்கம் பழையது. அதில் ஒரு கறுத்த பக்கமும் உண்டு. செர்வோனாக் க்மினாவில் ஓவின்ஸ்கா என்ற ஊரில், பழைய சிஸ்டெர்ஷியன் கன்னிமடத்தை ஒட்டி, 19-ஆம் நூற்றாண்டு முதல் மனநல மருத்துவமனை இயங்கியது. 1939 இலையுதிர் காலத்தில் நாஜிகள் அங்கிருந்த சுமார் ஆயிரம் நோயாளிகளைக் கொன்றார்கள். அவர்களில் ஒரு பகுதியினரைப் போஸ்னானின் ஏழாம் கோட்டைக்குக் கொண்டுபோய் நச்சுவாயு செலுத்திக் கொன்றார்கள். பின்னாளில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற முறைக்கு அது ஒத்திகை. 1943-இல் ஏழாம் கோட்டைச் சிறையைக் காலி செய்யத் தொடங்கியபோது கைதிகளை மாற்றிய இடமும் வளையத்தில்தான்: லூபோனின் ஜாபிகோவோ முகாம். அங்கே இப்போது நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. ஓவின்ஸ்கா மடத்துக் கட்டடத்தில் பார்வையற்ற குழந்தைகளுக்கான பள்ளி நடக்கிறது. ஒலியையும் மணத்தையும் காலடித் தரையின் மாற்றத்தையும் வைத்து வழி கண்டுபிடிக்கப் பழக்குவதற்கென்றே அதன் தோட்டத்தை அமைத்திருக்கிறார்கள்.

ஓக் மரமும் வண்டும்

கிராய்கோவோவுக்கு எதிர்க்கரையில் ரோகாலின். ரச்சின்ஸ்கி பிரபுக்களின் அரண்மனை, அதன் ஓவியக்கூடம், யான் மட்டெய்கோவின் மாபெரும் 'ஜோன் ஆஃப் ஆர்க்' ஓவியம் எல்லாம் அங்கே உண்டு. அந்தக் குடும்பத்தின் எட்வர்ட் ரச்சின்ஸ்கி, 1979 முதல் 1986 வரை லண்டனில் இருந்த நாடுகடந்த போலந்து அரசின் அதிபராக இருந்தவர். 101 வயது வாழ்ந்து 1993-இல் லண்டனில் இறந்தார். உடலை ரோகாலினுக்குக் கொண்டுவந்து குடும்பக் கல்லறையில் வைத்தார்கள்.

ஆனாலும் மக்கள் ரோகாலினுக்குப் போவது மரம் பார்க்க. அரண்மனைப் பூங்காவில் மூன்று பழம்பெரும் ஓக் மரங்கள். ஸ்லாவிய இனங்களின் மூதாதையர் என்று கதைகளில் வரும் மூன்று சகோதரர்களின் பெயர்: லெஹ், செஹ், ருஸ். போலந்து, செக், ரஷ்ய மக்களுக்கு மூலவர்கள் என்று ஐதிகம். செஹ் பட்டுப்போய்விட்டது. லெஹ் தள்ளாடுகிறது. ஓரளவு தெம்பாக நிற்பது ருஸ் மட்டும். போலந்துக்காரர்களுக்கு ரஷ்யாவோடு இருக்கும் வரலாற்றை நினைத்துப் பார்த்தால், இதைச் சொல்லும்போது வழிகாட்டி ஏன் ஒரு கணம் நிறுத்துவார் என்று புரியும்.

பூங்காவைத் தாண்டி ஆற்றோரப் புல்வெளிக்கு இறங்கினால் இன்னும் நூற்றுக்கணக்கான ஓக் மரங்கள். பலவற்றின் பட்டையைக் கிட்டத்தில் பார்த்தால் விரல் நுழையும் அளவுக்குத் துளைகள். அடியில் மரத்தூள் கொட்டிக் கிடக்கும். பெரிய ஓக் வண்டின் வேலை. தன் உடம்பைவிட நீளமான உணர்கொம்புகள் கொண்ட, கறுப்புப் பளபளப்பு வண்டு. அதன் புழு மூன்று நான்கு வருடங்கள் மரத்துக்குள்ளேயே சுரங்கம் தோண்டித் தின்று வளர்கிறது. கோடைகாலத்து மாலையில் வண்டாகி வெளியே வரும். சில வாரங்கள் உயிரோடு இருக்கும், இணை தேடும், அதே வகை மரத்தின் பட்டை இடுக்கில் முட்டையிடும். வெயில் நேராக அடிக்கும், கிழடு தட்டிய, தனித்து நிற்கும் ஓக் என்றால் அதற்குக் கொள்ளை ஆசை. ரோகாலின் புல்வெளியில் இருப்பவை அத்தனையும் அப்படிப்பட்ட மரங்கள்.

மருந்தடித்துக் கொல்லலாமே என்றால், முடியாது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி அந்த வண்டு பாதுகாக்கப்பட்ட உயிரினம். மரங்களோ இயற்கை நினைவுச்சின்னங்கள். பாதுகாக்கப்பட்ட ஒன்று பாதுகாக்கப்பட்ட இன்னொன்றைத் தின்றுகொண்டிருக்க, இரண்டையும் காக்கக் கடமைப்பட்டவர்கள் நின்று பார்க்கிறார்கள். முன்பு வார்ட்டா அடிக்கடி பெருகி இந்தப் புல்வெளியை நனைக்கும். 1986-இல் ஆற்றின் மேல்பகுதியில் யெஜோர்ஸ்கோ அணை நிரம்பிய பிறகு ஆற்றின் போக்கு மாறியது. வேருக்குக் கிடைக்கும் ஈரமும் குறைந்தது. பலவீனமான மரத்தை வண்டு சீக்கிரம் கண்டுபிடித்துவிடும்.

ரோகாலினுக்கு வடக்கே, ஆற்றின் இடது கரையில் பூஷ்சிகோவோ. போஸ்னானிலிருந்து விரோட்ஸ்வாஃபுக்கு 1856-இல் ரயில் பாதை போட்ட பிறகு, பைன் காட்டுக் காற்று வாங்க நகரத்துப் பணக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து இறங்கிய இடம். வந்தவர்கள் பங்களா கட்டிக்கொண்டார்கள். இன்று வளையமெங்கும் நடக்கும் குடியேற்றத்துக்கு இதுதான் பிள்ளையார் சுழி. 'ஸ்குவாட்ரன் 303' எழுதிய பயண எழுத்தாளர் அர்க்காடி ஃபியெட்லர் 1946 முதல் வாழ்ந்த வீடு இங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. தோட்டத்தில் கொலம்பஸின் கப்பலுடைய மாதிரி ஒன்று நிற்கிறது. ஊரை ஒட்டி 1957 முதல் வியெல்கோபோல்ஸ்கா தேசியப் பூங்கா. ஐந்து லட்சம் பேர் வாழும் நகரத்திலிருந்து அரை மணி ரயில் பயணத்தில் ஒரு தேசியப் பூங்கா என்பது சாதாரண விஷயமில்லை. அது இல்லாதிருந்தால் அந்தக் காடு எப்போதோ மனை எண்களாகியிருக்கும்.

நிலம் கை மாறிய கதை

போஸ்னான் நகரம் சும்மா இருந்த நகரமல்ல. தன்னைச் சுற்றியிருந்த கிராமங்களை 1900, 1925, 1974 எனப் பல தவணைகளில் விழுங்கியது. மாவட்ட அலுவலகம் இருக்கும் யெஜிட்சேயே 1900-இல் விழுங்கப்பட்ட கிராமம்தான். அதற்கும் முன்னால், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போரும் கொள்ளைநோயும் இந்தக் கிராமங்களைக் காலி செய்துவிட்டன. உழ ஆள் இல்லை. ஜெர்மனியின் பாம்பெர்க் பகுதியிலிருந்து கத்தோலிக்க விவசாயிகளைக் குடும்பம் குடும்பமாக அழைத்துவந்து குடியேற்றினார்கள். முதல் கூட்டம் 1719-இல் வந்து சேர்ந்தது லூபோனுக்கு. இரண்டு மூன்று தலைமுறையில் அவர்கள் போலந்துக்காரர்களாகவே ஆகிவிட்டார்கள். பூவும் ரிப்பனும் வைத்து உயரமாகக் கட்டிய அந்தப் பெண்களின் தலையலங்காரம் இன்றும் போஸ்னானின் அடையாளம். லூபோன் 20-ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலை ஊரானது. உருளைக்கிழங்கு மாவு ஆலை வந்தது. ஹான்ஸ் போயெல்ட்ஸிக் 1911–12-இல் கட்டிய ரசாயன ஆலை கட்டடக்கலை மாணவர்கள் தேடிவந்து பார்க்கும் ஒன்று.

தென்கிழக்கே கூர்னிக். ஏரியோரம் அகழி சூழ்ந்த கோட்டை; 19-ஆம் நூற்றாண்டில் டிட்டுஸ் ஜாவின்ஸ்கி பிரபு அதைப் புதுப்பித்துப் பெரிய நூலகமும் சேர்த்தார். பிள்ளையில்லாத கடைசி வாரிசு விளாடிஸ்லாவ் ஸமோய்ஸ்கி, கோட்டை, நூலகம், காடு, பண்ணை, தெற்கே மலையடிவாரத்து ஜகோபானே எஸ்டேட் எல்லாவற்றையும் 1924-இல் தேசத்துக்கே எழுதிவைத்துவிட்டு அதே ஆண்டு இறந்தார். கோட்டையின் மரத் தோட்டம் இன்று மரவியல் ஆய்வு நிறுவனத்தின் கையில். அவருடைய எஸ்டேட் கணக்கு வழக்குகளைப் பார்த்துக்கொண்டவர் வின்சென்டி சிம்போர்ஸ்கி. எஸ்டேட்டைச் சேர்ந்த ப்ரொவென்ட் குடியிருப்பில் 1923 ஜூலை 2 அன்று அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் விஸ்லாவா. 1996-இல் நோபல் பரிசு வாங்கினார். தமிழில் சிறுபத்திரிகைகள் வழியாக அவரைப் படித்தவர்கள் கிராகோவ் கவிஞர் என்றே நினைத்திருப்பார்கள். குடும்பம் சீக்கிரமே டோருனுக்கும் பிறகு கிராகோவுக்கும் போய்விட்டது உண்மைதான். ஆனால் பிறந்த இடம் இந்த வளையம்.

ஸமோய்ஸ்கி செய்தது விதிவிலக்கு. மற்ற பிரபுக்களின் நிலத்தை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசு எடுத்துக்கொண்டது. ஒரு பகுதி விவசாயிகளுக்கும், ஒரு பகுதி அரசுப் பண்ணைகளுக்கும் போனது. 1990-களில் அரசுப் பண்ணைகள் கலைந்தன. விவசாயியின் பிள்ளை வேறு வேலைக்குப் போனான். அடுத்து வந்தவர் பில்டர்.

ஒரு வயல், ஒரு தெரு

டோபியெவோ, கொமோர்னிகி, ரோக்கியெட்னிட்சா. இந்தப் பெயர்களைப் போஸ்னானில் சொன்னால் 'புது வீடா?' என்று கேட்பார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து டோபியெவோ, கொமோர்னிகி இரண்டின் மக்கள்தொகையும் இரண்டு மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது. எப்படிப் பெருகியது என்பதுதான் வேடிக்கை.

வயல்கள் நீள நீளமாக, நாடா மாதிரி. ஒரு விவசாயி தன் வயலை விற்கிறார். வாங்கியவர் நடுவில் ஒரு ஒற்றைத் தடம் போட்டு, இரு பக்கமும் ஒரே அச்சில் வார்த்த இரட்டை வீடுகளை வரிசையாக நட்டுவிட்டுப் போகிறார். வயலின் முடிவில் தெருவும் முடிந்துவிடும். பக்கத்து வயல் இன்னொருவருடையது. அங்கே இன்னொரு தடம், இன்னொரு முட்டுச்சந்து. இரண்டு தெருவுக்கும் இடையே வேலி. அடுத்த தெருவில் இருக்கும் சிநேகிதன் வீட்டுக்குக் குழந்தை போகவேண்டுமானால் பிரதான சாலைக்கு வந்து சுற்றிக்கொண்டு போகவேண்டும். சாலையில் நடைபாதை இருக்காது. தடம் தனியார் சொத்து என்பதால் விளக்கு போடவும் பனியை வாரவும் க்மினாவுக்குப் பொறுப்பில்லை. கடை இல்லை, பூங்கா இல்லை, பேருந்து திரும்ப இடமில்லை.

சட்டம் இதற்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தது. பழைய திட்ட வரைபடங்கள் 2003 கடைசியில் காலாவதியாகின. புதிய உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில், பக்கத்து மனையில் ஏற்கெனவே கட்டடம் இருந்தால் அதைக் காட்டித் தனி உத்தரவு வாங்கிக் கட்டிவிடலாம். 'நல்ல அண்டை' கொள்கை என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். ஒரு வீடு வந்தால் அதைக் காட்டி அடுத்த வீடு, அதைக் காட்டி இன்னொன்று. ஊர் எப்படி இருக்கவேண்டும் என்று யாரும் முடிவு செய்யாமலே ஊர் வளர்ந்துவிட்டது.

மண்ணுக்கு அடியில் இன்னொரு சிக்கல். இந்தப் பகுதி பிரஷ்ய ஆட்சியில் இருந்த காலம் தொட்டே வயல்களுக்கு அடியில் சுட்ட மண் குழாய்களைப் பதித்து, மிகை ஈரத்தை ஓடைக்கு வடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த வலைதான் இந்தக் களிமண் வயல்களை விளையவைத்தது. கடைக்கால் தோண்டும் இயந்திரத்துக்கு அது தெரியாது. வெட்டிப் போட்டுவிடும். அப்புறம் பெரிய மழை வந்தால், வெட்டிய குழாயின் மேட்டுப்பக்கத்து வயலிலும் தோட்டத்திலும் தண்ணீர் தேங்கும். புது வீட்டுக்காரர் க்மினாவைத் திட்டுவார். க்மினா பில்டரைக் கைகாட்டும். பில்டர் அடுத்த வயலில் இருப்பார்.

கிராமத்துக்குக் குடிவந்தவர்களுக்கும் கிராமத்தாருக்கும் உரசல் சொல்லவேண்டியதில்லை. சேவல் விடியற்காலையில் கூவுகிறது, எரு நாறுகிறது, அறுவடை இயந்திரம் ராத்திரி பத்து மணிக்கு ஓடுகிறது என்று புகார். அறுவடைக்கு ராத்திரியும் பகலும் கிடையாது, மழைக்கு முன்னால் முடிக்கவேண்டும் என்பது விவசாயியின் பதில். இந்தச் சண்டையில் என் ஓட்டு சேவலுக்கு.

வேலைக்கு இந்த மாவட்டத்தில் குறைவில்லை. வேலையின்மை நாட்டிலேயே மிகக் குறைவாக இருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. மேற்கே பெர்லின் சாலையில் டார்னோவோ போட்குர்னே 1990-களிலேயே நிலத்தைத் தயார்செய்து முதலீட்டாளர்களை அழைத்து, போலந்தின் பணக்கார க்மினாக்களில் ஒன்றானது. இப்போது சொந்தமாக வெந்நீர்க் குளியல் வளாகம் வைத்திருக்கிறது. அதன் சாடி கிராமத்தில் 2014-இல் அமேசான் கிடங்கு வந்தது. போலந்துக்கென அமேசானின் இணையக் கடை திறந்ததோ 2021-இல். அதுவரை அங்கே கட்டிய பொட்டலங்கள் பெரும்பாலும் ஜெர்மனிக்குப் போயின. 2015 ஜூனில் ஜெர்மனியில் அமேசான் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, இங்கே இரவு ஷிஃப்டில் ஒரு பகுதியினர் வேண்டுமென்றே வேலையை மெதுவாக்கி ஆதரவு காட்டினார்கள்.

கிழக்கே ஸ்வாஜெண்ட்ஸ், தச்சர்களின் ஊர். போலந்து வீடுகளில் அலமாரி என்றால் ஸ்வாஜெண்ட்ஸ் என்றிருந்த காலம் உண்டு. வார்சா பங்குச் சந்தை திறந்த 1991-ஆம் ஆண்டிலேயே அதன் மரச்சாமான் ஆலை சந்தையில் பட்டியலானது, பிறகு திவாலானது. வடக்கே போலெஹோவோ கிராமத்தில் சோலாரிஸ் பேருந்து ஆலை. 1996-இல் கிஷிஸ்டோஃப், சோலாஞ்ச் ஓல்ஷெவ்ஸ்கி தம்பதி தொடங்கியது. 2018-இல் ஸ்பெயினின் காஃப் நிறுவனம் வாங்கிக்கொண்டது. பச்சை நிறக் குட்டைக்கால் நாய் அதன் சின்னம். பெர்லினிலும் ஓஸ்லோவிலும் சத்தமில்லாமல் ஓடும் மின்சாரப் பேருந்துகள் பல இந்தக் கிராமத்தில் செய்தவை.

வரி யாருக்கு?

போலந்தில் வருமான வரியின் ஒரு பங்கு, வரி கட்டுபவர் வசிக்கும் ஊருக்குப் போகிறது. 2024 வரை க்மினாவின் பங்கு சுமார் 38 சதவீதம், மாவட்டத்துக்கு 10 சதவீதத்துக்குச் சற்று மேல். 2025-இல் கணக்குப் போடும் முறையை மாற்றினாலும், வேலை செய்யும் இடமல்ல, வசிக்கும் இடமே பணத்தைப் பெறும் என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது. ஆகவே கொமோர்னிகியில் தூங்கி எழுந்து போஸ்னானில் சம்பாதிப்பவரின் வரி கொமோர்னிகிக்கு. அவர் ஓட்டிவரும் கார் தேய்க்கும் சாலை போஸ்னானுடையது. மாநகராட்சிக்கு இதில் வயிற்றெரிச்சல். க்மினாவுக்கு வேறு வயிற்றெரிச்சல்: குடிவந்த பலர் வரிப் படிவத்தில் இன்னும் பழைய நகர முகவரியைத்தான் எழுதுகிறார்கள், குழந்தைக்குப் பள்ளியில் இடம் மட்டும் இங்கே கேட்கிறார்கள். போலந்தின் பல க்மினாக்கள், 'வரியை எங்கள் ஊரில் கட்டுங்கள்' என்று குலுக்கல் பரிசெல்லாம் அறிவித்து ஆள் பிடிக்கின்றன.

இரண்டு பக்கமும் சேர்ந்து செய்த உருப்படியான காரியம் ரயில். 2018 ஜூனில் போஸ்னான் பெருநகர ரயில் சேவை தொடங்கியது. நெரிசல் நேரத்தில் அரை மணிக்கு ஒரு வண்டி. மாகாணம், நகரம், மாவட்டம், க்மினாக்கள் எல்லாம் செலவைப் பகிர்ந்துகொண்டன. ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு இருப்பவர்கள் பாக்கியவான்கள். வயல் தெருக்காரர்கள் நிலையம் வரை காரில் வந்து, வண்டியை நிறுத்த இடம் தேடுகிறார்கள்.

நகரத்தையும் வளையத்தையும் ஒரே நிர்வாகமாக்கிவிடலாமே என்ற பேச்சு அவ்வப்போது எழும். சட்டப்படியான பெருநகர அமைப்பு போலந்தில் 2017 முதல் மேல் சிலேசியாவுக்கு மட்டுமே உண்டு. போஸ்னானிடம் இருப்பது 'போஸ்னான் பெருநகரம்' என்ற சங்கம். நகரமும் மாவட்டமும் க்மினாக்களும் விருப்பத்தின் பேரில் சேர்ந்தது. பேசலாம், சேர்ந்து ஐரோப்பிய நிதி கேட்கலாம். இன்னொரு ஊரின் வயலில் எது வரவேண்டும் என்று உத்தரவு போட முடியாது. என்னைக் கேட்டால், கோளாறின் வேர் வரைபடத்தின் ஓட்டையில் இல்லை. இந்த அதிகாரமின்மையில் இருக்கிறது. சாக்கடையையும் தண்ணீரையும் சேர்ந்து நிர்வகிக்கத் தெரிந்தவர்களுக்கு, வீட்டுமனையை மட்டும் தனித்தனியாக விற்றுக்கொள்ள சட்டம் இடம் கொடுத்துவிட்டது.

2023-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒவ்வொரு க்மினாவும் தன் முழு எல்லைக்கும் ஒரு பொதுத் திட்டம் தயாரிக்கவேண்டும். அடுத்த சில பத்தாண்டுகளில் எத்தனை பேருக்கு வீடு தேவைப்படும் என்று கணக்கிட்டு, அந்த அளவை ஒட்டி மட்டுமே புதிய குடியிருப்பு மண்டலம் குறிக்கலாம். 2025 இறுதி என்றிருந்த கெடு 2026-க்குத் தள்ளிப்போனது. கணக்குப் போட்டுப் பார்த்தால், வீடு கட்டலாம் என்று பழைய தாள்களில் குறித்த நிலம் பல க்மினாக்களில் தேவைக்கு மேலே எங்கோ இருக்கிறது. அப்படியானால் ஏதோ சில வயல்களை மண்டலத்திலிருந்து எடுத்தாகவேண்டும். யாருடைய வயலை எடுப்பது என்று முடிவு செய்யவேண்டியவர்கள் அந்தந்த க்மினாவின் கவுன்சிலர்கள். வயலின் சொந்தக்காரர்கள் அவர்களின் வாக்காளர்கள். கெடுவுக்கு முன்னால் கட்டட உத்தரவு வாங்கிவிடவேண்டும் என்று இப்போது விண்ணப்பங்கள் குவிகின்றன.